டெக் பிளேட் வேண்டுமா, வேண்டாமா? ஒற்றை ஆள் வைட்வாட்டர் கேனோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட படகு பழைய ராயலெக்ஸ் கேனோ. கேனோ என்பது மேலே திறந்த துடுப்புப் படகு; இது வைட்வாட்டருக்கானது, அதாவது பாறையும் அலையுமாக வேகமாக ஓடும் ஆற்றுக்கானது. ராயலெக்ஸ் என்பது அடுக்கடுக்கான ஒரு பிளாஸ்டிக் பொருள். நீளம் சுமார் 3.5 மீட்டர். ஒருவர் மட்டும் மண்டியிட்டு ஓட்டுவது. நடுவில் ஃபோம் பீடம், தொடைகளை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள், முன்னும் பின்னும் காற்றுப் பைகள், பைகள் எழும்பாமல் இருக்க மேலே கயிற்றுப் பின்னல். பாறை ஆற்றில் ஓட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்துகொள்ளும் ஏற்பாடுதான். விளிம்புச் சட்டங்கள் உள்ளே அலுமினியம் இல்லாத வெறும் வினைல். இரண்டு சட்டங்களும் வந்து கூடும் முனையை மூடியபடி, முன்னும் பின்னும் ஒவ்வொரு முக்கோணப் பிளாஸ்டிக் தட்டு. இதுதான் டெக் பிளேட். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம்.

முன் தட்டு நடுவாகப் பிளந்திருந்தது. பின் தட்டில் இரண்டு ரிவிட்கள் பிடுங்கிக்கொண்டு வந்து, தட்டு ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. படகைப் பழையதாக வாங்கிய நண்பருக்கு இரண்டு யோசனை. புதுத் தட்டு வாங்கிப் பொருத்தலாம், அல்லது இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு அப்படியே ஓட்டலாம். அவருடைய கவலை ஒன்றே ஒன்று: "தட்டு இல்லேன்னா தண்ணி கூடுதலா வருமா?"

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் இந்தத் தட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள சம்பந்தம் மிகக் குறைவு. இரண்டு விளிம்புச் சட்டங்களை முனையில் கட்டிப் பிடிப்பதுதான் அதன் உண்மையான வேலை. அந்த வேலை வேண்டியதுதான். அதற்கு 40 சென்டிமீட்டர் தட்டு வேண்டுமா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

உடைந்த விதம்

சேதத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். கேனோவின் விளிம்பு நடுவில் தாழ்ந்தும் இரு முனைகளிலும் உயர்ந்தும் இருக்கும். படகு கவிழ்ந்து மிதக்கும்போது அந்த உயர்ந்த முனைகள்தான் எல்லாவற்றையும்விடக் கீழே தொங்கும். ஆழமில்லாத இடத்தில் பாறையில் முதலில் உரசுவதும் அவைதான். முன் தட்டின் மேற்புறக் கீறல்கள் எல்லாம் நீளவாக்கில், ஒரே திசையில் இருந்தன. கவிழ்ந்த நிலையில் இழுபட்டுப் போனதன் அடையாளம் அது. வெயிலில் வருடக்கணக்கில் கிடந்து மொரமொரப்பாகிப்போன பிளாஸ்டிக் வேறு. கடைசியாக ஓர் அடி விழுந்து பிளந்திருக்கும்.

பின் தட்டின் கதை வேறு. அதன் நடுவில் துளையிட்டு, வளையம் உள்ள போல்ட் ஒன்றைப் போட்டு, முனைக் கயிற்றை அதில் கட்டியிருந்தார்கள். பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். தண்ணீர் நிறைந்த படகை யாரோ அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ரிவிட் என்பது பக்கவாட்டு இழுவையை நன்றாகத் தாங்கும். நேர் மேலே பிடுங்கினால் தாங்காது. அதுவும் மெல்லிய வினைலில் பதிந்த ரிவிட் என்றால், அது உடைவதற்கு முன்பே துளை நீண்டு வாயைப் பிளந்துவிடும். இங்கே நடந்ததும் அதுதான்.

தண்ணீர்க் கணக்கு

தட்டு எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தோம். முனையிலிருந்து 40 சென்டிமீட்டர் உள்ளே இந்தப் படகின் அகலம் சுமார் 25 சென்டிமீட்டர். முக்கோணம் என்று வைத்துக்கொண்டால் ஒரு தட்டின் பரப்பு 0.05 சதுர மீட்டர். இரண்டும் சேர்த்து 0.1. படகின் திறந்த வாய் முழுவதும் ஏறத்தாழ 1.5 சதுர மீட்டர். ஆக, இரண்டு தட்டும் சேர்ந்து மூடுவது 15-இல் ஒரு பங்கு. மழை பெய்தால் அந்த அளவு தண்ணீர் குறையும், சரி. ஆனால் ஆற்றில் தண்ணீர் மழை மாதிரி எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை.

அலையில் படகு ஏறும்போது முன்முனை மேலே தூக்கிக்கொள்ளும். வைட்வாட்டர் படகுகளின் அடிப்புறம் நீளவாக்கில் வளைந்து முனைகள் எழும்பி இருப்பது இதற்காகவும்தான். ஓர் அலையைத் தாண்டி அடுத்த அலையில் இறங்கும்போது தண்ணீர் ஏறுகிற இடம் முனைக்குப் பின்னால், விளிம்பு தாழத் தொடங்கும் பகுதி. துடுப்பாளரின் முழங்காலுக்கு முன்னால், இரண்டு பக்கமும். ஓட்டுகிறவரின் நெஞ்சில் வந்து அடிப்பது இந்தத் தண்ணீர்தான். பக்கவாட்டு அலையோ நேராக விளிம்பின் நடுப்பகுதி மேல் ஏறிவிடும். சுழல்நீரிலிருந்து ஓட்டத்துக்குள் திரும்பும்போது படகைத் தவறான பக்கம் சாய்த்துவிட்டால் அலையே வேண்டாம், ஓட்டத்தின் விளிம்பே உள்ளே கொட்டும். இவற்றில் எதையும் முனையில் இருக்கும் தட்டு தொடக்கூட முடியாது.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் தண்ணீர் தட்டின் மேல் ஏறி வரும். சிறு அருவி போன்ற இறக்கத்தில் விழுந்து முன்முனை முழுதாக மூழ்கும்போது. அப்போதுகூடத் தட்டு தண்ணீரை வெளியே தள்ளுவதில்லை. தட்டையான பரப்பின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து அதன் பின் ஓரத்தைத் தாண்டி உள்ளே விழுந்துவிடும். அதைத் தடுக்க வேண்டுமானால் பின் ஓரத்தில் எழும்பிய தடுப்பு ஒன்று இருக்க வேண்டும். நீண்ட பயணத்துக்கான பழைய கேனோக்கள் சிலவற்றில் அப்படி உண்டு. நீளமான தட்டு, அதன் கடைசியில் வளைந்த தடுப்பு, வரும் தண்ணீர் இரு பக்கமும் பிரிந்து ஓடிவிடும். இந்தப் படகின் தட்டில் அது கிடையாது.

தட்டுகளைக் கழற்றிவிட்டு, நண்பர் தனக்குப் பழகிய அதே ஆற்றுப் பகுதியில் ஒரு பருவம் ஓட்டினார். தண்ணீர் வருவதில் அவரால் எந்த வித்தியாசத்தையும் சொல்ல முடியவில்லை. நானும் கூடப் போய்ப் பார்த்தேன். படகு நனைவதும் நனையாததும் அவர் அலைக்கு முன் ஓர் இழுப்பு பின்துடுப்பு போட்டு முனையை எழும்ப விடுகிறாரா, அலையை நேராக முட்டாமல் கொஞ்சம் சாய்வாகச் சந்திக்கிறாரா என்பதைப் பொறுத்தே இருந்தது. படகின் பக்கங்கள் வெளிப்பக்கம் விரிந்திருந்தால் தண்ணீர் விலகும். உள்பக்கம் மடிந்திருந்தால் துடுப்பு போட வசதி, ஆனால் நனையும். வடிவம் செய்கிற வேலையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தட்டு செய்வதில்லை என்பது என் கணிப்பு.

அப்புறம், இந்த வகைப் படகில் உண்மையான மூடி காற்றுப் பைகள்தான். இந்த அளவுப் படகு முழுக்க நிறைந்தால் ஏறக்குறைய 400 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு ஒரு கிலோ. 400 கிலோ தண்ணீரைச் சுமந்த படகைத் துடுப்பால் திருப்பவும் முடியாது, பாறைக்கு முன்னால் நிறுத்தவும் முடியாது. முன்னும் பின்னும் பைகள் மூன்றில் இரண்டு பங்கு இடத்தை அடைத்துக்கொண்டால் மீதம் நூற்றுச் சொச்சம் லிட்டர்தான். அதை இறைக்கத்தான் பலர் பீடத்துக்குப் பக்கத்தில் பேட்டரி பம்ப் வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் உள்ளே வரவே கூடாது என்றால் துணியாலான முழு மூடி ஒன்று போட வேண்டும். 40 சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தட்டில்லாத பருவத்தில் கெட்டது

தண்ணீர் கூடுதலாக வரவில்லை, சரி. ஆனால் படகு முன்பு இருந்தபடி இருக்கவில்லை.

முதலில் தெரிந்தது விளிம்புச் சட்டத்தின் முனைகளில். படகைக் கரையில் இழுக்கும்போது எல்லோரும் கைக்கு எட்டும் முனையைத்தான் பிடிப்பார்கள். தட்டு இருந்தால் கை தட்டின் அடியில் போகும். இரண்டு சட்டமும் சேர்ந்து சுமை தாங்கும். தட்டு இல்லாவிட்டால் ஒரு சட்டத்தை மட்டும் பிடித்து இழுப்பார்கள். அந்தச் சட்டம் வெளியே வளையும், அதோடு படகின் உடலும் திறந்துகொள்ளும். உடல் முனையில் மடிந்து சேர்ந்திருப்பதால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் கடைசி ரிவிட் துளையில் சட்டமும் உடலும் ஒன்றை ஒன்று தேய்க்கும். பருவம் முடிவதற்குள் முன்முனையின் இடப்பக்கக் கடைசித் துளை முட்டை வடிவமாகிவிட்டது. அந்தத் துளையிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை போல ஒரு விரிசலும் தொடங்கியிருந்தது.

ராயலெக்ஸைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படாது. நடுவில் ஏபிஎஸ் என்ற உறுதியான பிளாஸ்டிக்கின் நுரை, இரு பக்கமும் கெட்டியான ஏபிஎஸ் தகடு, அதன் மேல் வினைல் தோல் என்று அடுக்கடுக்கான பொருள் அது. பாறையில் மடங்கினாலும் மறுபடி பழைய வடிவத்துக்கு வந்துவிடும் என்பதுதான் அதன் பெருமை. பரந்த பரப்பில் அடி விழுந்தால் அப்படித்தான். துளை ஓரத்தில் தொடங்கும் விரிசல் மட்டும் அந்தப் பெருமைக்குக் கட்டுப்படுவதில்லை. போதாததற்கு, 2014-க்குப் பிறகு ராயலெக்ஸ் தயாரிப்பே இல்லை. அதன் இடத்தை நிரப்ப எஸ்கிஃப் நிறுவனம் டி-ஃபார்மெக்ஸ் என்ற பொருளைக் கொண்டுவந்தது. ஆனால் பழைய ராயலெக்ஸ் படகு வைத்திருப்பவருக்கு உடலில் விரிசல் என்றால் ஒட்டுப்போட்டுப் பிழைக்க வேண்டியதுதான், புது உடல் கிடைக்காது. விரிசலின் நுனியில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, உள்ளே எபாக்ஸிப் பசையும் கண்ணாடியிழைத் துணியும் வைத்து மூடினோம்.

இரண்டாவது பிரச்சினை முறுக்கம். முதல் குறுக்குச் சட்டம் முனையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. அதற்கும் முனைக்கும் நடுவே இரண்டு விளிம்புகளையும் இணைக்க வேறு எதுவும் இல்லை. ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகப் படகைத் தூக்கிப் போகும்போது முன்முனை இடமும் வலமுமாக நெளிவதைக் கையிலேயே உணர முடிந்தது. தட்டு போட்டால் முனையில் ஒரு முக்கோணம் உருவாகிறது. முக்கோணம் நெளியாது. தட்டின் வேலை முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

காற்றுப் பை விஷயத்தில் நான் எதிர்பார்த்ததைவிடப் பாதிப்பு அதிகம். பையின் கூர்மையான மூக்கு தட்டுக்கு அடியில் செருகி நிற்பதுதான் வழக்கம். 100 லிட்டர் பை ஒன்று முழுதாக மூழ்கினால் அதை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமம். அதில் பெரும்பங்கைக் கயிற்றுப் பின்னல் தாங்குகிறது. தட்டுக்கு அடியில் இருக்கும் மூக்குப் பகுதி பத்துப் பன்னிரண்டு லிட்டர்தான், ஆகவே தட்டின் மேல் வரும் சுமை அவ்வளவே. தட்டைக் கழற்றிய பிறகு அந்தப் பகுதியைப் பிடிக்க எதுவும் இல்லை. படகு கவிழ்ந்து நிறையும்போதெல்லாம் பையின் மூக்கு மேலே பிதுங்கி வந்தது. மூக்கு வெளியே வந்ததும் பை முழுவதும் கொஞ்சம் தளர்ந்து, பின்னலோடு உரச ஆரம்பித்தது. நைலான் துணியின் பூச்சு அந்த இடத்தில் தேய்ந்து வெளுத்துவிட்டது. பின்னலை முனைவரை நீட்டியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்தான். ஆனால் அதற்கு விளிம்புக்குக் கீழே இன்னும் நாலைந்து துளை போட வேண்டும், அதுவும் ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்துக்குப் பக்கத்தில்.

இதில் தட்டுக்கு எதிரான ஒரு விஷயமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ரிவிட்களின் உள்பக்க முனைகள் கூராகத் துருத்திக்கொண்டிருந்தன. பையின் மூக்கில் ஏற்கெனவே போட்டிருந்த ஒட்டுகள் எல்லாம் சரியாக அந்த ரிவிட்களுக்கு நேராக இருந்தன. அதாவது பையைப் பிடித்து வைத்த தட்டே பையைக் குத்தியும் வந்திருக்கிறது. ரிவிட் முனையை அரம் போட்டு மழுக்கி, மேலே ஒரு துண்டு ஃபோம் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. இதைச் செய்யாமலே விற்கப்படும் படகுகள்தான் அதிகம்.

பிடி, கயிறு, மீட்பு

"தட்டு இருந்தால் கவிழும்போது பிடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வாதம் உண்டு. கரையில் அது உண்மை. தட்டின் பின் ஓரத்துக்கு அடியில் நாலு விரல் போகும். தூக்கவும் இழுக்கவும் நல்ல பிடி. தண்ணீரில் அப்படி இல்லை. கவிழ்ந்த படகில் தட்டு தண்ணீருக்கு அடியில் போய்விடும். மேலே தெரிவது வழவழப்பான அடிப்புறம் மட்டும். ஓடும் ஆற்றில் நீந்திக்கொண்டே தண்ணீருக்கு அடியில் கையை விட்டுத் தட்டின் உள் ஓரத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. அங்கே காற்றுப் பையும் நெருக்கிக்கொண்டிருக்கும்.

நீந்துகிறவருக்கு முக்கியமானது படகின் மேல்நீர் முனையைச் சட்டென்று பிடிப்பது. படகுக்குக் கீழ்நீர்ப் பக்கம் மாட்டிக்கொண்டால் தண்ணீர் நிறைந்த படகுக்கும் பாறைக்கும் நடுவே நசுங்கும் ஆபத்து. அதனால் எந்த முனை மேல்நீரில் இருந்தாலும், படகு நிமிர்ந்திருந்தாலும் கவிழ்ந்திருந்தாலும் கைக்குக் கிடைக்கும் பிடி ஒன்று வேண்டும். அது தட்டாக இருக்க முடியாது. முனைக்குச் சற்றுக் கீழே, படகின் உடலில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் ஊடுருவிப் போகும் கயிற்று வளையமே சரி.

அந்த வளையத்தை அமைக்கும் விதமும் முக்கியம். உடலின் இரு பக்கமும் நேருக்கு நேர் துளையிட்டு, நடுவே ஒரு பிவிசி குழாயைச் செருகி, இரு முனையையும் ஒட்டி, அந்தக் குழாய் வழியே கயிற்றைக் கொண்டுபோக வேண்டும். குழாய் இருப்பதால் தண்ணீர் கசியாது. இழுவை உடலின் இரு பக்கத்திலும் பரவும். கயிறும் துளை ஓரத்தில் அறுபடாது. வளையம் ரொம்பச் சின்னதாகவோ தளர்வாகவோ இருக்கக் கூடாது. படகு உருளும்போது வளையம் முறுக்கிக்கொண்டு விரலை மாட்டிவிடும். ஒன்று முழுக் கையும் தாராளமாகப் போய்வரும் அளவு இருக்கட்டும், அல்லது வளையத்தில் கெட்டியான குழாய்த் துண்டைக் கோத்துக் கைப்பிடியாக்கிவிடலாம்.

முனைக் கயிற்றையும் இந்த வளையத்தில்தான் கட்ட வேண்டும். தட்டில் போல்ட் போட்டுக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பின் தட்டே சாட்சி. பாறையில் படகு ஒட்டிக்கொண்டால் மீட்பவர்கள் கப்பி போட்டு மூன்று மடங்கு இழுவை கொடுப்பார்கள். அந்த இழுவையைத் தட்டின் நாலு ரிவிட்களிடம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. உடலையே சுற்றிக் கட்டுவது, அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சுமையைப் பிரித்துக் கட்டுவதுதான் முறை. குறுக்குச் சட்டம்கூடத் தனியாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும்.

கயிறு விஷயத்தில் தட்டுக்கு ஒரு சின்ன வேலை உண்டு. சுருட்டிய முனைக் கயிற்றைத் தட்டின் மேல் ஒரு எலாஸ்டிக் கயிற்றுக்கு அடியில் செருகி வைக்கலாம். தளர்ந்து படகுக்குள் கிடக்கும் கயிறு, கவிழும்போது காலில் சுற்றிக்கொள்ளும். அதைத் தவிர்க்க இது நல்ல வழி. பையின் பின்னலுக்கு அடியிலும் செருகலாம்; ஆனால் அவசரத்தில் உருவும்போது அங்கே சிக்கும்.

எடையும் தேங்கும் தண்ணீரும்

முனையில் எடை கூடினால் படகு திரும்பச் சோம்பல்படும் என்பார்கள். கணக்குப்படி அது சரிதான். 22 கிலோ படகின் எடை நீளம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், தலா 200 கிராம் எடையுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் திரும்புவதற்கான எதிர்ப்பைச் சுமார் 4 சதவீதம் கூட்டும். ஒன்றரை சென்டிமீட்டர் கனமான கடின மரத் தட்டு என்றால் ஒவ்வொன்றும் அரைக் கிலோ, ஏற்றம் 10 சதவீதம். போட்டியில் ஓட்டுகிறவருக்கு இரண்டாவது எண் உறுத்தலாம். மற்றவர்களுக்கு இது பேச்சு சுவாரசியத்துக்குத்தான்.

தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது என்ற புகாரும் அப்படியே. படகைக் கவிழ்த்துக் கொட்டும்போது முனையில் ஒன்றிரண்டு லிட்டர் நின்றுவிடும். நிமிர்த்தியதும் அது நடுவுக்கு ஓடிவந்து முழங்காலை நனைக்கும். அவ்வளவுதான். ஆனால் மரத் தட்டும் மரச் சட்டமும் உள்ள படகில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரமும் மணலும் இலைச்சருகும் அங்கேதான் தங்கும், அதனால் மரம் மக்கத் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மரத்தை ஏன் தவிர்த்தோம்

நண்பருக்கு மரத் தட்டின் மேல் ஆசை. அழகாக இருக்கும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தடையாக இருந்தது வெப்பநிலை. ஏபிஎஸ் குளிரில் நிறையச் சுருங்கும். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் இறங்கினால் 3.5 மீட்டர் ராயலெக்ஸ் உடல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையப் பார்க்கும். அதே நீள மரச் சட்டம் குறைவது அரை மில்லிமீட்டர் சொச்சம். ஸ்க்ரூ இரண்டையும் இறுக்கிப் பிடித்திருந்தால், சுருங்க முடியாத உடல் ஸ்க்ரூத் துளைகளில் கிழியும். உறைபனி விழும் ஊர்களில் மரச் சட்டம் போட்ட ராயலெக்ஸ் படகுகளின் ஸ்க்ரூக்களைக் குளிர்காலத்துக்கு முன் தளர்த்தி வைக்கச் சொல்வது இதனால்தான்.

வினைல் சட்டம் உடலோடு சேர்ந்தே சுருங்குவதால் இந்தப் படகுக்கு அந்தத் தொல்லை இல்லை. தட்டை மட்டும் மரத்தில் போட்டால்? 40 சென்டிமீட்டர் நீளத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 15 சென்டிமீட்டர் தட்டில் அரை மில்லிமீட்டர்தான். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் சமாளித்துவிடலாம். ஆனால் விரிசல் விட்ட துளைக்குப் பக்கத்தில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

கடைசியில் பொருத்தியது

நீளத் தட்டை மறுபடி போடவில்லை. முனையை வெறுமையாகவும் விடவில்லை. 15 சென்டிமீட்டர் நீளத்தில், 4 மில்லிமீட்டர் ஏபிஎஸ் தகட்டில் குட்டித் தட்டு இரண்டு வெட்டினோம். சூட்டுக் காற்றில் இளக்கி, ஓரங்களைச் சட்டத்தின் மேல் மடித்தோம். எச்டிபிஇ என்ற பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தகடும் கைவசம் இருந்தது. அடியைத் தாங்குவதில் அது இன்னும் நல்லது, ஆனால் பசை ஒட்டாது, பின்னால் ஒட்டுவேலை வந்தால் தொல்லை. ரிவிட்கள் 4.8 மில்லிமீட்டர் அலுமினியம், தலை அகலமானவை, உள்பக்கம் வாஷர் வைத்தவை. நீண்டுபோன பழைய துளையைப் பயன்படுத்தாமல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் புதிதாகப் போட்டோம். தட்டின் பின் ஓரத்தை நேராக வெட்டாமல் உள்வளைவாக வெட்டியதில் இரண்டு லாபம்: தேங்கும் தண்ணீர் வடிய இடம், பையின் மூக்கில் குத்தாத ஓரம்.

முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் உள்ளே, இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே ஓர் அலுமினியக் குழாய்க் கைப்பிடி. குட்டித் தட்டு விட்டுவிட்ட வேலை முழுவதையும் இது எடுத்துக்கொண்டது. தூக்க நல்ல பிடி, முறுக்கத்தைத் தடுக்க இரண்டாவது கட்டு, பையின் மூக்கை மேலே வரவிடாத தடுப்பு. தட்டு, குழாய் இரண்டும் சேர்ந்து பழைய பிளாஸ்டிக் தட்டின் எடையை ஒட்டித்தான் வந்தன. தட்டுக்குக் கீழே, பிவிசி குழாய் வழியாகக் கயிற்று வளையம். எலாஸ்டிக் கயிறு தட்டிலிருந்து கைப்பிடிவரை ஓடுகிறது. முனைக் கயிறு அதற்கடியில்.

இதற்குப் பிறகு படகு கவிழ்ந்திருக்கிறது, பாறையில் உரசியிருக்கிறது, தண்ணீர் நிறைந்த நிலையில் வளையத்தைப் பிடித்து இழுக்கவும் பட்டிருக்கிறது. கடைசித் துளைகள் வட்டமாகவே இருக்கின்றன. பை நகரவில்லை. ஒரு குறை: குட்டித் தட்டு முனையின் உச்சியை மட்டும் மூடுவதால், கவிழ்ந்து உரசும்போது அதற்குப் பின்னால் வெளியே தெரியும் சட்டத்தின் மேற்புறம் கீறுகிறது. வினைல் என்பதால் கத்தியால் சுரண்டிவிட்டால் போதும்.

மற்ற படகுகளுக்கு

இந்த முடிவை எல்லாப் படகுக்கும் பொருத்த முடியாது. இப்போது பரவலாக வரும் வார்ப்புப் பாலிஎத்திலீன் ஒற்றைக் கேனோக்கள் பலவற்றில் விளிம்பும் முனையும் உடலோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கின்றன. அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. கண்ணாடியிழை, கெவ்லர் படகுகளில் சில சமயம் முனைத் தட்டு ஒரு மூடிய காற்று அறைக்கு மேல்மூடியாக இருக்கும். அதைக் கழற்றுவது என்றால் மிதப்பையே கழற்றுவது, கைவைக்கக் கூடாது. சுமை ஏற்றிக்கொண்டு பல நாள் தனியாகப் போகிறவர் துணி மூடி போடுவார். மூடியின் முன் ஓரத்தை இறுக்க நீளமான தட்டு நல்ல ஆதாரம். காற்றடிக்கும் பெரிய ஏரியில் முனை அடிக்கடி அலைக்குள் குத்தும் படகுக்கு, பின் ஓரத்தில் தடுப்புள்ள நீளத் தட்டு உண்மையிலேயே தண்ணீரைக் குறைக்கும்.

அலுமினியச் சட்டமுள்ள ராயலெக்ஸ் படகு வைத்திருப்பவர்கள் தட்டைக் கழற்றும் முன் சட்டத்தின் வெட்டு முனையை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பல படகுகளில் அந்தக் கூரான முனையை மூடி வைத்திருப்பதே இந்தத் தட்டுதான். அதைத் திறந்து விட்டுவிட்டு ஆற்றில் இறங்கினால், முதலில் கிழிவது காற்றுப் பையாகவும் இருக்கலாம், பக்கத்தில் நீந்துகிறவரின் கையாகவும் இருக்கலாம். அரம் போட்டு மழுக்கி, பிளாஸ்டிக் தொப்பி மாட்டிய பிறகு மற்ற யோசனைகளை வைத்துக்கொள்ளலாம்.